முழுக்கைச் சட்டை

அக்கினி நட்சத்திரம் ஏழாம் நாள்.
விரகனூர் மதகணையின் இரும்புப் படியில்
கை வைக்க முடியாது.
தூக்குவாளியோடு சைக்கிளில் வந்தான் லோகித்,
மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு.
"மடிச்சு விடேன்டா."
"பழகிருச்சுப்பா."
ரசம் ஊற்றினான். தின்றேன்.
பதினாறு வருஷமாகத் தண்ணீர் மட்டம் பார்க்கிறவன்
எதையும் பார்க்கவில்லை.

முத்துராக்குதான் பார்த்தாள்.
கொடியில் காயும் சட்டையில்
இடக்கை மட்டும் தனியாக அலசியிருந்தது.
அவள் கத்தவில்லை. நான் கத்தினேன்.
என்ன குறை வைத்தேன், யார் அந்தப் பெண்,
செல்போனைக் குடு,
செத்துப்போகப் பார்த்தாயா,
எல்லாம் ஒரே மூச்சில்.
கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான்:
"இல்லப்பா. சாகக்கூடாதுன்னுதான்."

அந்த வாக்கியத்தைச் சட்டைப்பையில்
செல்லாத நோட்டு மாதிரி வைத்துக்கொண்டு
ஒரு வாரம் அலைந்தேன்.
எவரிடமும் மாற்ற முடியவில்லை.
மச்சினன், நடிப்பு என்றான்.
டீக்கடையில் ஒருவர்
பாண்டிகோயிலில் முடி இறக்கச் சொன்னார்.
இறக்கினேன், என் முடியை.

பெரியாஸ்பத்திரி, புதன்கிழமை.
சீட்டு எழுதுகிறவரிடம்
"தூக்கமில்லை" என்று பொய் சொன்னேன்.
யாருக்கு என்று அவர் கேட்டபோது
அது பொய்யில்லை என்று தெரிந்தது.

டாக்டர் செரின் பாத்திமா
காயத்துக்கு மருந்து போட்டு முடித்து
காயத்துக்கு முந்திய அரைமணி நேரத்தைக் கேட்டார்.
அவனிடம் அதற்குச் சொல் இல்லை.
"உள்ள ஒரே இரைச்சலா இருக்கும்.
சில நாள் இரைச்சலும் இருக்காது,
ஒண்ணுமே இருக்காது. அது இன்னும் மோசம்."
கொஞ்ச நேரம் அடங்குமாம்.
அப்புறம் வெட்கம்.
வெட்கத்திலிருந்து மறுபடி இரைச்சல்.

நான் குறுக்கே விழுந்தேன்.
புரியுது டாக்டர், அணை மாதிரி,
நிறைஞ்சா மதகைத் தூக்கித்தானே ஆகணும்...
அவர் தலையாட்டினார்.
அவன் ஆட்டவில்லை.
"நான் அணை இல்லப்பா.
அணைக்கு வலிக்காது."

என் உவமைகள் அதோடு சரி.

வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.
ஒரு நாற்பது பக்க நோட்டு:
என்ன நடந்தது, என்ன வந்தது, அதற்கு என்ன பெயர்.
முதல் வாரம் முழுக்க 'கடுப்பு' என்றே எழுதினான்.
மூன்றாம் வாரம் கடுப்பை அடித்துவிட்டு 'பயம்'.
பிறகு ஒருநாள், 'அப்பா வண்டிச் சத்தம்'.
அதை என்னிடம் காட்டச் சொன்னது டாக்டர்.
காட்டியது அவன்.

அலை வந்தால் பத்து நிமிஷம் தள்ளிப்போடு,
அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஓர் ஆள் வைத்துக்கொள் என்றார்.
எனக்கும் வீட்டுப்பாடம் உண்டு.
கையைச் சோதிக்காதே, முகத்தைப் பார்.
சத்தியம் வாங்காதே.
இரண்டாவதுதான் கஷ்டம்.
என் தலையில் அடித்து அவன் ஒருநாள் சொல்லியிருந்தால்
எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆடி பதினெட்டு முடிந்து மறுநாள்
ராத்திரி எங்கள் கதவைத் தட்டினான்.
"திரும்பவும்" என்றான்.
இந்த முறை கொடியில் கண்டுபிடிக்கவில்லை,
அவனே வந்து சொன்னான்.
முத்துராக்கு தண்ணீர் கொண்டுவந்தாள். கழுவிக் கட்டினோம்.
'ஏன்' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் நின்றது.
வந்து சொன்னால் நன்றி சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர்.
மகனுக்கு நன்றி சொல்லும் பழக்கம்
எங்கள் வம்சத்தில் கிடையாது.
"சாப்டியாடா" என்றேன்.
அவனுக்குப் புரிந்தது.

நேற்று பதினொன்றே காலுக்கு
"நடக்கலாமா" என்றான்.
கரையோரமாக நடந்தோம்.
வைகையில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரை இருந்தது.
ரிங் ரோட்டில் லாரிகள்.
ஒரு நாய் எங்களை நம்பாமல் பின்னால் வந்தது.
பத்து நிமிஷம் நாற்பது ஆயிற்று.
நோயைப் பற்றி ஒரு பேச்சில்லை.
விளக்குக் கம்பங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தான்.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி. மட்டம். வரத்து. வெளியேற்றம்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
இத்தனை வருஷமும் கோடுதான் இழுத்திருக்கிறேன்.
இன்று எழுதினேன்:

கரையில் மூன்று விளக்குகள் எரியவில்லை.
பார்த்தது: லோகித், பதினோராம் வகுப்பு.